ஞாயிற்றுக்கிழமை பேண்ட்டின் கலர்

விழுப்புரம்,
6.10.2025

தம்பி சவுரிராயனுக்கு,

அக்கா லூர்துமேரி எழுதுவது. நலம் விசாரிக்க எனக்கு மனசில்லை. ஆனால் நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதில் குறை ஒன்றும் இல்லை, அதை நீயே எடுத்துக்கொள்.

உன் நம்பரை நான் பிளாக் செய்து வைத்திருப்பது உனக்குத் தெரியும். உன் குரலைக் கேட்டால் எனக்கு அழுகை வந்துவிடும். அழுதால் கோபம் போய்விடும். கோபம் போக எனக்கு இப்போது இஷ்டமில்லை. அதனால்தான் கடிதம். பக்கத்து வீட்டுக் கலையரசி நீ வேன் ஓட்டுகிற ஸ்கூலில் டீச்சராகச் சேர்ந்திருக்கிறாள், தினமும் ரயிலில் வந்து போகிறாள். இதை அவளிடம் கொடுத்து அனுப்புகிறேன். பதிலையும் அவளிடமே கொடு. அவளிடம் குடும்பக் கதை பேசாதே.

வருகிற நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். அம்மா போன பிறகு முதல் திருநாள். அம்மாவை இங்கே கொண்டுவந்து அப்பா பக்கத்தில் வைக்காமல் திண்டிவனத்திலேயே அடக்கம் செய்துவிட்டாய். அதைப் பற்றி எழுதக்கூடாது என்று நினைத்துத்தான் பேனாவை எடுத்தேன், எழுதிவிட்டேன்.

அம்மா நம்மிடம் கேட்டது இரண்டே விஷயம். ஒன்று, அப்பா பக்கத்தில் இடம். இன்னொன்று உனக்கு ஞாபகம் இருக்கும். "எனக்கும் அவரு கலரையே அடிச்சுடுங்கடா, வெள்ள கிள்ள அடிச்சு வெக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். எல்லாரும் கல்லறைக்கு வெள்ளையும் வானநீலமும் அடிக்கும்போது, அப்பா ஞாயிறு பூசைக்குப் போட்டுக்கொண்டு போன அந்த ஒரே ஒரு பேண்ட்டைப் பையில் வைத்துக்கொண்டு பெயிண்ட் கடைக்குப் போய், "இந்தக் கலரு குடுப்பா" என்று கேட்டு வாங்கிவந்தவர் அம்மா. டார்க் கிரே. கோலியனூர் ரோட்டுக் கல்லறைத் தோட்டத்தில் 'ராயப்பன் கல்லறை எது' என்றால் அந்தக் கலரைச் சொல்லித்தான் காட்டுவார்கள்.

முதல் விஷயம் கெட்டுப்போனது. இரண்டாவதாவது நடக்கட்டும். அம்மா கல்லறைக்கு அதே கலர் அடி. கிட்டத்தட்ட அதே கலர் இல்லை, அதே கலர். சரியாக வந்திருக்கிறது என்று என் மனசுக்குப் பட்டால் இரண்டாம் தேதி மெழுகுவர்த்தியோடு திண்டிவனம் வருவேன். இல்லையென்றால் இங்கே அப்பாவிடமே இருந்துவிடுவேன்.

லூர்துமேரி

---

திண்டிவனம்,
8.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததே சந்தோஷம். கலையரசி டீச்சர் கவரைக் கொடுக்கும்போது வேனில் பிள்ளைகள் இருந்தார்கள், அதனால் உடனே பிரிக்கவில்லை. பிரிக்கப் பயமாகவும் இருந்தது.

அம்மா போன அன்று கொட்டிய அந்த மழையைப் பற்றி நானும் எழுதக்கூடாது என்றுதான் இருக்கிறேன். ரோடு அறுந்துபோனது, கரண்ட் இல்லை, ஐஸ் பெட்டி கிடைக்கவில்லை. இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் என்றால் அதற்கு நான் என்ன சொல்ல. சரி, விடுகிறேன்.

பெயிண்ட் கடைக்கு நேற்றே போனேன். "டார்க் கிரே குடுங்க" என்றேன். கடைக்காரர் ஒரு பெரிய கலர் புத்தகத்தை எடுத்து என் முன்னால் விரித்தார். அக்கா, டார்க் கிரே என்பது ஒரு கலர் இல்லை. ஒரு ஊரே இருக்கிறது. ஒன்றில் நீலம் ஓடுகிறது, ஒன்றில் பச்சை, ஒன்று கருப்பேதான், பெயர் மட்டும் கிரே. "எந்தக் கம்பெனிங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "அப்பா பேண்ட் கலருங்க" என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது.

போன் போட்டோவை நம்ப வேண்டாம் என்றார். அப்பா கல்லறையை என் வீட்டுக்காரி அருணா போன வருஷம் எடுத்த போட்டோவில் காலையில் எடுத்தது ஒரு கலர், அதே இடத்தில் கொஞ்ச நேரம் கழித்து எடுத்தது வேறு கலர். ஆகையால் கடையில் கெஞ்சி, நான்கு வகையை அட்டையில் தடவி வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன். பின்னால் ஒன்று, இரண்டு என்று எழுதியிருக்கிறேன். அப்பா மேல் வைத்துப் பார்த்து எது என்று எழுது.

தம்பி
சவுரி

---

விழுப்புரம்,
10.10.2025

சவுரிக்கு,

அட்டைகள் வந்தன. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. காயவிட்டு அனுப்பத் தெரியாதா.

ஹாஸ்டல் சமையலை முடித்துவிட்டு நேராகக் கல்லறைத் தோட்டம் போனேன். உச்சி வெயிலில் நாலாவது அட்டை சரியாக இருந்தது. அப்பாடா என்று உட்கார்ந்தேன். கொஞ்சம் மேகம் மூடியது, பார்த்தால் நாலாவது இல்லை, இரண்டாவது. மறுபடி வெயில் வந்ததும் இரண்டும் இல்லை. அங்கே புல் வெட்டிக்கொண்டிருந்த முனியம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இன்னா மேரியம்மா, எல்லாம் ஒரே கலராத்தான கீது, எதுக்கு இந்த வெயில்ல பேஜாரு பண்ணிக்கினு கீற" என்றாள். அவள் போன பிறகு நானும் பார்த்தேன். எனக்கும் ஒரே கலராகத்தான் தெரிந்தது. பிறகு மறுபடி நாலும் நாலாகப் பிரிந்தன. எனக்குக் கண் கெட்டுவிட்டதா, புத்தி கெட்டுவிட்டதா தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து பரண் மேல் போன வருஷத்து டப்பாவைத் தேடி எடுத்தேன். மயில் படம் போட்ட டப்பா. மூடியில் 'சிலேட்' என்று பெயரும் ஒரு நம்பரும் இருக்கிறது. கடையில் போய்க் கேட்டால் மயில் கம்பெனி அந்தக் கலரை நிறுத்திவிட்டார்களாம். பக்கத்தில் நங்கூரம் படம் போட்ட டப்பாவிலும் 'சிலேட்' இருக்கிறது, ஆனால் அது நீலம். "பேரு ஒண்ணா இருந்தா கலரு ஒண்ணா இருக்கணும்னு சட்டமாம்மா?" என்று கடைக்காரன் என்னையே கேட்கிறான். டப்பாவிலிருக்கிற நம்பரைக் கீழே எழுதியிருக்கிறேன். உன் கடைக்காரருக்கு ஏதாவது புரிகிறதா பார்.

அம்மா ஒரு பேண்ட்டைக் கொண்டுபோய் முடித்த வேலை இது. அந்த பேண்ட் இருந்திருந்தால் இந்தக் கஷ்டமே இல்லை. அதைத்தான் நீ அந்த வருஷமே ஏரியில் மீன் பிடிக்கப் போட்டுக்கொண்டு போய்க் கிழித்துத் தொலைத்தாயே.

லூர்துமேரி

---

திண்டிவனம்,
14.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பேண்ட் விஷயத்தை நீ மறக்கவே மாட்டாய். அது அப்பாவுக்குச் சரி, எனக்கு இடுப்பில் நிற்கவில்லை, அதனால்தான் கிழிந்தது.

நீ எழுதிய நம்பரைக் காட்டினேன். இங்கே மயில் டப்பா வருவதில்லை. அந்த நம்பரை மற்ற கம்பெனிப் புத்தகத்தில் தேடினார். அதே நம்பர் இருந்தது. சந்தோஷமாகப் பிரித்தோம். கத்திரிப்பூ கலர். அம்மாவுக்குக் கத்திரிப்பூ கலர் அடித்திருந்தால் நீ திண்டிவனம் வந்திருப்பாய், ஆனால் மெழுகுவர்த்தியோடு வந்திருக்க மாட்டாய்.

எனக்கு இப்போது ராத்திரி பகல் எதைப் பார்த்தாலும் அந்தக் கலராகவே தெரிகிறது. ரோடு டார்க் கிரே, வேன் டயர் டார்க் கிரே. அருணா, "தாரு ரோட்டப் பாத்து வண்டி ஓட்டு, கலரு பாத்துக்கினு ஓட்டாத" என்று திட்டுகிறாள்.

கடைக்காரர் கடைசியாக ஒரு வழி சொன்னார். அவரிடம் ஒரு மிஷின் இருக்கிறது. எந்தப் பொருளையும் அதன் கீழே வைத்தால் கலரைப் படித்துவிடும், எந்தக் கம்பெனியானாலும் அதே கலரைக் கலக்கித் தந்துவிடலாம். ஆனால் நிஜமான துண்டு வேண்டும், போட்டோ கூடாது. "அந்தச் செவுத்துலேர்ந்தே ஒரு சில்லு பேத்து எட்தாங்க, ஒரு ரூவா காசு அகலம் இருந்தாப் போதும்" என்கிறார்.

அது சுவர் இல்லை என்று நான் அவரிடம் சொல்லவில்லை. உன்னிடம் எப்படிக் கேட்பது என்றும் தெரியவில்லை. கேட்டுவிட்டேன்.

சவுரி

---

விழுப்புரம்,
16.10.2025

சவுரிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப்போடலாம் என்றிருந்தது. அப்பாவைப் பெயர்த்து அனுப்பச் சொல்கிறாய்.

பிறகு இன்று போனேன். தோசைத் திருப்பியைப் பையில் ஒளித்துக்கொண்டு போனேன், யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள். முதலில் மன்னிப்புக் கேட்டேன். கால்மாட்டில், போன மழையில் தண்ணீர் தேங்கி நின்ற இடத்தில், பெயிண்ட் தானாகவே கொப்பளித்து எழும்பியிருந்தது. லேசாகத் தட்டினேன். ஒரு சில்லு அப்படியே கையில் வந்தது. அடியில் வெள்ளையாகச் சிமெண்டு தெரிந்தது. அதைப் பார்க்க முடியாமல் மேலே ஒரு செம்பருத்தியை வைத்து மூடிவிட்டு வந்தேன்.

மாத்திரை டப்பாவில் பஞ்சு வைத்து, அதற்குள் சில்லை வைத்திருக்கிறேன். ஓரம் உதிர்கிறது. இது அப்பா. கீழே போட்டுவிடாதே, உன் கடைக்காரரிடமே விட்டுவிட்டும் வராதே. வேலை முடிந்ததும் எனக்குத் திரும்ப வர வேண்டும்.

இனி சாக்குச் சொல்ல உனக்கு வழியில்லை. கலர் சரியாக வந்தாக வேண்டும்.

லூர்துமேரி

---

திண்டிவனம்,
23.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தீபாவளிக்கு ஸ்கூலும் லீவு, கடையும் லீவு. அதனால்தான் தாமதம். இப்போது நல்ல செய்தி. மிஷின் கலரைப் படித்துவிட்டது. கலக்கி வாங்கிவந்து, மழை விட்ட இடைவெளியில் நானும் அருணாவும் சேர்ந்து அம்மாவுக்கு அடித்து முடித்துவிட்டோம். இரண்டு கோட்டு. அதே பெயிண்ட்டை அட்டையில் தடவி, இந்தத் தடவை நன்றாகக் காயவிட்டு, அனுப்புகிறேன்.

அடிக்கும்போது ஒன்று ஞாபகம் வந்தது. இதுவரை உன்னிடம் சொல்லவில்லை. சொல்ல நீ இடம் கொடுக்கவும் இல்லை. அன்று மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது, நான் உனக்குப் போன் செய்யப் போனேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். "அவள இந்த மழையில கெளம்பச் சொல்லாத. ரோட்ல தண்ணி ஓடுதுங்கறாங்க. விடிஞ்சதும் சொல்லிக்கலாம்" என்றார். விடிவதற்குள் போய்விட்டார். நான் உனக்குச் சொல்லத் தாமதித்தேன் என்று நீ சொல்கிறாயே, அந்தத் தாமதத்துக்கு இதுதான் காரணம். அம்மா மேல் பழி போடுவது போல ஆகும் என்று சொல்லாமல் இருந்தேன். இப்போதும் எழுதியது சரியா தப்பா தெரியவில்லை.

இரண்டாம் தேதி ஞாயிறு. உனக்கும் லீவு. வருவாய் என்று நம்புகிறேன்.

சவுரி

---

விழுப்புரம்,
24.10.2025

சவுரிக்கு,

இது என்ன கலர்?

அட்டையை அப்பா மேல் வைத்தேன். சின்னப் பிள்ளை பார்த்தால் கூடச் சொல்லும், இது வேறு, அது வேறு என்று. அப்பாவுடையது நல்ல கருக்கலான கிரே. நீ அனுப்பியது அதைவிட வெளுப்பு, லேசாகப் பழுப்பு கலந்திருக்கிறது. வெயிலில் பார்த்தேன், நிழலில் பார்த்தேன், தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். கிட்டத்தில் கூட வரவில்லை. அப்பாவையே பெயர்த்துக் கொடுத்தும் உன்னால் ஒரு கலரைப் பார்த்து அடிக்க முடியவில்லை. அதற்குள் இரண்டு கோட்டு வேறு அடித்தாயிற்று.

நான் வரவில்லை. அவ்வளவுதான்.

அம்மா சொன்னதாக நீ எழுதியிருப்பதை நான்கு தடவை படித்தேன். அதற்குப் பதில் எழுத எனக்குத் தெரியவில்லை. அம்மா அப்படிச் சொல்லக்கூடியவர்தான். அதுதான் கஷ்டமாக இருக்கிறது. கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் பெயிண்ட் மேல் வைத்திருக்கிறேன் என்று நினைக்காதே. பெயிண்ட்டும் தப்புதான்.

ஒன்று மட்டும் குழப்பமாக இருக்கிறது. அட்டையைக் குப்பையில் போட்டேன். மறுபடி எடுத்து அலமாரியில் வைத்தேன். இந்தக் கலரை எங்கேயோ பார்த்திருக்கிறேன். எங்கே என்று வரமாட்டேன் என்கிறது.

லூர்துமேரி

---

திண்டிவனம்,
28.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தப்பு எங்கே நடந்தது என்று கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்ததில் குழப்பம்தான் அதிகமாகியிருக்கிறது.

உன் கடிதத்தோடு கடைக்கு ஓடினேன். மாத்திரை டப்பாவைத் திறந்து சில்லை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினேன். அக்கா, அந்தச் சில்லில் இரண்டு பக்கம் இரண்டு கலர் இருக்கிறது. ஒரு பக்கம் நீ சொல்கிற கருக்கல். மறு பக்கம் நான் அடித்த கலர். கடைக்காரரைக் கேட்டேன். "ஒரு பக்கம் வெள்ளையாப் பவுடரு ஒட்டிக்கினு இருந்திச்சுங்க. மழ வெயிலு பட்டு வெளுத்த வெளிப்பக்கம் அதான்னு நெனச்சு, நல்லாத் தொடச்சுட்டு அத்த வெச்சுப் படிச்சேன். இன்னொரு பக்கம் பளபளன்னு இருந்திச்சு, அது உள்பக்கம்னு நெனச்சுட்டேன்" என்கிறார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அந்தப் பவுடர் சிமெண்டா, வெயிலில் வந்த வெளுப்பா என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை. பெயர்த்தவள் நீ. எந்தப் பக்கம் மேல் பக்கம், எது அடிப்பக்கம்? ஒரே கல்லறையில் இரண்டு கலர் எப்படி வந்தது? அதுவும் புரியவில்லை.

சில்லைத் திருப்பி அனுப்புகிறேன். பார்த்து உடனே எழுது. மேல் பக்கம் கருக்கல்தான் என்றால், அதைக் கலக்கி சனிக்கிழமைக்குள் அம்மாவுக்கு மறுபடி அடித்துவிடுகிறேன். மழை பெய்தால் தார்ப்பாய் கட்டி அடிக்கிறேன். நீ வர வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

சவுரி

---

விழுப்புரம்,
30.10.2025

அன்புள்ள தம்பி சவுரிக்கு,

அடிக்காதே. ஒரு சொட்டுக்கூட அடிக்காதே. முதலில் இதைப் படி.

சில்லை எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டம் போனேன். காய்ந்த செம்பருத்தியை எடுத்துவிட்டு, பெயர்த்த இடத்திலேயே சில்லை வைத்தேன். ஓரம் ஓரத்தோடு பொருந்திவிட்டது. கருக்கல்தான் மேலே. நீயும் உன் கடைக்காரரும் அடிப்பக்கத்தைப் படித்திருக்கிறீர்கள். வெள்ளைப் பவுடர் கல்லறையின் சிமெண்டு. உன்னைத் திட்ட வாயெடுத்தேன்.

அப்போது சில்லை எடுத்துவிட்டு, அது பெயர்ந்த குழியின் ஓரத்தைப் பார்த்தேன். வெங்காயத்தை வெட்டினால் தெரிகிற மாதிரி அடுக்கு அடுக்காக இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே போன வருஷம் நான் அடித்த கருக்கல். அதற்குக் கீழே ஒரு கிரே, கொஞ்சம் நீலம். அதற்குக் கீழே ஒன்று, பச்சை ஓடியது. ஒவ்வொன்றும் வேறு. நான் வருஷா வருஷம் கடையில் போய் "டார்க் கிரே குடு" என்று மட்டும் கேட்டிருக்கிறேன். அவன் எந்தக் கம்பெனி கையில் இருந்ததோ அதைக் கொடுத்திருக்கிறான். புதுப் பெயிண்ட் பளிச்சென்றுதான் இருக்கும் என்று நினைத்து நானும் அடித்துக்கொண்டே வந்திருக்கிறேன். ஒரே கலரை அடிப்பதாகத்தான் இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தேன்.

எல்லாவற்றுக்கும் அடியில், சிமெண்டை ஒட்டி, நீ அடித்த கலர். அது நான் அடித்தது இல்லை. அது அம்மா கையால் அடித்தது. பேண்ட்டைக் கொண்டுபோய் வாங்கிவந்து, நம் இரண்டு பேரையும் கிட்டே விடாமல், முட்டி போட்டுத் தானே அடித்தாரே, அது. அட்டையை எங்கே பார்த்திருக்கிறேன் என்று அப்போதுதான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா மடியில் என்னைச் சாய்த்துக்கொண்டு பூசை பார்ப்பார். என் கன்னம் அந்த பேண்ட்டில்தான் இருக்கும். லேசாகப் பழுப்பு ஓடிய கிரே. அங்கேயே உட்கார்ந்து அழுதேன் சவுரி. முனியம்மாள் வந்து, "இன்னா மேரியம்மா, கலரு கெடச்சிடுச்சா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அம்மாவுக்கு முட்டி வலி வந்த பிறகு அவர் கல்லறைத் தோட்டத்துக்கு வரவே இல்லை. உன் வீட்டுக்கு வந்துவிட்டார். நான் அடித்த எந்தக் கலரையும் அம்மா பார்த்ததில்லை. "அவரு கலரு, அவரு கலரு" என்று கேட்டுக்கொண்டிருந்தது இந்தக் கலரைத்தான். நான் சொன்னபடி நீ சரியாகச் செய்திருந்தால் அம்மாவுக்குத் தப்பான கலர் போயிருக்கும்.

மழை விஷயத்துக்கு இப்போது பதில் எழுதுகிறேன். நீ போன் செய்திருந்தால் நான் கிளம்பியிருப்பேன். அம்மாவுக்கு அது தெரியும். உனக்கும் தெரியும். நீ அம்மா சொன்னதைக் கேட்டாய், அவ்வளவுதான். இத்தனை நாள் உன்னைக் குற்றம் சொல்லாவிட்டால் எனக்கு அம்மா போனதைத் தாங்க முடிந்திருக்காது. அதற்கு நீ கிடைத்தாய்.

இப்போது கேள். அம்மா பெயிண்ட்டில் மீதி இருக்கும். சனிக்கிழமை முதல் பஸ்ஸில் அந்த டப்பாவை எடுத்துக்கொண்டு விழுப்புரம் வா. அப்பாவுக்கு அடிக்க வேண்டும். சில்லை அந்தக் குழியிலேயே ஒட்டிவிட்டேன், அதன் மேலேயே அடிப்போம். அருணாவையும் கூட்டி வா, மீன் குழம்பு வைக்கிறேன். ஞாயிறு காலையில் மூன்று பேரும் சேர்ந்து திண்டிவனம் போகலாம். அம்மாவை அப்பா பக்கத்தில் கொண்டுவர நம்மால் முடியவில்லை. அப்பாவை அம்மா கலருக்குக் கொண்டுவரலாம்.

டப்பா மூடியை இறுக்கி மூடு, பஸ்ஸில் கொட்டிவிடப் போகிறாய். பிரஷ் இரண்டு கொண்டு வா.

அக்கா
லூர்துமேரி